சிடார் பலகைக்கு எந்த ஆணி?

கனடாவின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடல் ஓரத்தில் இருக்கிறது வான்கூவர் நகரம். அங்கே பல வீடுகளில் கொல்லைப்பக்கம் ‘டெக்’ என்று ஒன்று இருக்கும். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், மரப்பலகைகளை வரிசையாகப் பதித்துப் போட்ட திறந்தவெளித் தளம். வெயில் காலத்தில் அதில் நாற்காலி போட்டு உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், பூந்தொட்டி வைப்பார்கள். மற்ற மாதங்களில் அது மழையில் நனைந்துகொண்டே கிடக்கும்.

அந்தத் தளத்துக்கு அங்கே பலரும் விரும்பி வாங்குவது சிடார் பலகை. புதிதாகப் போட்டபோது செம்பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும். ஆனால் தவறான ஆணியை அடித்துவிட்டால், ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கருநீல வளையம் விழும். நீர் வழிந்த பக்கமெல்லாம் மை கொட்டியதுபோல் கோடு நீளும்.

இரும்பு துருப்பிடித்தால் செம்பழுப்பாகத்தானே இருக்க வேண்டும்? உங்கள் வீட்டு கேட்டில், பழைய சைக்கிளில் பார்த்திருப்பீர்களே. அப்புறம் ஏன் இங்கே மட்டும் கறுப்பு?

இதற்குப் பதில் ஆணியில் பாதி, மரத்தில் பாதி இருக்கிறது. முதலில் மரத்தைப் பார்ப்போம்.

இந்த மரத்தின் முழுப்பெயர் வெஸ்டர்ன் ரெட் சிடார். தாவரவியலில் தூயா பிளிகேட்டா. நம் இமயமலைத் தேவதாருவும் சிடார்தான், ஆனால் இரண்டுக்கும் குடும்பமே வேறு. இது சைப்ரஸ் குடும்பத்து மரம். 60 மீட்டருக்கு மேல் வளரும். ஆயிரம் வயதைத் தாண்டிய மரங்கள் இன்றும் அந்தக் கரையோரக் காடுகளில் நிற்கின்றன. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1988-இல் இதைத் தன் மாகாண மரமாக அறிவித்தது.

அந்தக் கடற்கரையின் பூர்வகுடி மக்கள் இந்த மரத்தில்தான் வீடு கட்டினார்கள், படகு குடைந்தார்கள், பட்டையை உரித்து நெய்தார்கள். அவர்கள் செய்யும் மரப்பெட்டி ஒன்று உண்டு. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரே நீளப் பலகையில் மூன்று இடங்களில் குறுக்கே பள்ளம் செதுக்குவார்கள். அந்த இடங்களை ஆவியில் இளக்கி, அப்படியே மூன்று மூலைகளாக மடிப்பார்கள். பலகையின் இரண்டு நுனிகளும் சந்திக்கும் நான்காவது மூலையை மட்டும் மர முளை அடித்தோ, துளை போட்டு நாரால் தைத்தோ மூடிவிடுவார்கள். பெட்டியில் உலோகமே கிடையாது. தண்ணீர் ஊற்றினால் ஒழுகாத அளவுக்கு நேர்த்தியாகச் செய்வார்கள்!

சிடார் ஏன் எளிதில் மக்குவதில்லை? அடிமரத்தைக் குறுக்கே வெட்டினால் ஓரத்தில் வெளிறிய வளையமும் நடுவில் அடர்நிற வைரமும் தெரியும். மரம் வளரும்போது உள்ளே இருக்கும் பழைய செல்கள் தண்ணீர் கடத்தும் வேலையை நிறுத்திவிடுகின்றன. நிறுத்துவதற்கு முன் பல வேதிப்பொருள்களை அங்கே சேமித்து வைக்கின்றன. தூயாப்ளிசின் என்பது அதில் ஒன்று. அது பூஞ்சைகளை வளரவிடாது. பிளிகேட்டிக் அமிலம் இன்னொன்று. இவற்றோடு துவர்ப்புப் பொருள்கள் பலவும் உண்டு. தச்சர்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘டானின்’ என்று சொல்லிவிடுவார்கள். வேதியியல் ஆசிரியர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கடுங்காப்பி நிறத்தில் தேநீர் கொதித்து வாயில் துவர்க்கிறதே, வாழைப்பூ நறுக்கினால் விரல் கறுக்கிறதே, கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுக்கிறதே, அதெல்லாம் இந்த வகைப் பொருள்களின் வேலைதான்.

இவற்றில் பல தண்ணீரில் கரையக்கூடியவை. அதோடு ஈரமான சிடார் மரம் புளிப்பானது. அதன் பி.எச். அளவு சுமார் 3.5, ஏறத்தாழ ஆரஞ்சுப் பழச்சாறு அளவு புளிப்பு. ஆக, பலகை நனைந்தால் அதற்குள் இருக்கும் ஆணி, புளிப்பும் துவர்ப்பும் கலந்த ஒரு திரவத்தில் மூழ்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். இங்கே மழையின் மொத்த அளவைவிட, மரம் எத்தனை நாள் ஈரமாக இருக்கிறது என்பதே முக்கியம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டிப் பார்த்தால் சென்னை வான்கூவருக்குக் குறைந்த ஊரில்லை. ஆனால் வான்கூவரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் தூறிக்கொண்டே இருக்கும். பலகை காயவே நேரம் கிடைக்காது.

இப்போது ஆணிக்கு வருவோம். புளிப்பு நீர் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த இரும்பு அயனிகளை டானின் பிடித்துக்கொள்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்ததும் கருநீல நிறத்தில் ஒரு புதுப்பொருள் உண்டாகிறது. அதுதான் பலகையில் தெரியும் கறை. அது துருவே இல்லை, மை!

நிஜமாகவே மைதான். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாக ஓக் மரத்தின் காய்ப்புடைப்புகளையும் இரும்பு உப்பையும் கலந்து எழுத்து மை செய்தார்கள். நம் பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் இதே வேதியியலைத் துணியில் நடத்துகிறார்கள். முதலில் துணியைக் கடுக்காய் கலந்த பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மூங்கில் எழுதுகோலில் தொட்டுத் துணியில் கோடு இழுப்பார்கள். கோடு போடும்போது வெளிறித்தான் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பும் ஊறிய இரும்பும் துணியில் சந்தித்துக்கொள்கின்றன. சிடார் பலகையில் யாரும் கேட்காமலே இதே ஓவியம் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பால் சேர்க்காத கெட்டியான தேநீர் வடிகட்டி, ஆறவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில், உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய சாதாரண இரும்பு ஆணிகள் நாலைந்தைப் போடுங்கள். இன்னொன்றில் எவர்சில்வர் கரண்டி ஒன்று. ராத்திரி முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் ஆணி போட்ட டம்ளர் மட்டும் கறுத்திருக்கும். தப்பித்தவறியும் குடித்துவிடாதீர்கள்!

அந்தக் கறுப்புத் திரவத்தில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நிறம் வெளிறும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் டானினிடமிருந்து இரும்பைப் பறித்துக்கொள்கிறது. கறை படிந்த டெக் பலகையைச் சுத்தம் செய்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது ஆக்ஸாலிக் அமிலம். அது நஞ்சு, கையுறை போட்டுப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். ஆணியை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் பிரயோசனமும் இல்லை, ஊற்று அடைபடவில்லையே!

போகிற போக்கில் ஒன்று: சிடாரை இரும்புக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. உடைந்த நுண்ணிய இழைகள் மரத்தில் செருகிக்கொண்டு, அடுத்த மழையில் பலகை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். பக்கத்தில் வைத்து இரும்பை கிரைண்டரில் அறுத்தாலும் இதே கதிதான்.

கறை மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கறைக்கு வேண்டிய இரும்பு ஆணியிலிருந்துதானே வருகிறது? ஆணி நாளுக்கு நாள் மெலிகிறது. கரைந்த இரும்பு, ஆணியைச் சுற்றியிருக்கும் மர நாரையும் சிதைக்கிறது. ஓட்டை பெரிதாகிறது, ஆணி சிறுக்கிறது. பிறகு பலகை ஆடாமல் என்ன செய்யும்?

சரி, வேறென்ன ஆணி இருக்கிறது? கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வெள்ளையாகப் பளபளக்கும் ஆணி, ஸ்குரூ. மின்சாரத்தின் உதவியால் இரும்பின்மேல் துத்தநாகத்தை மெல்லப் படியவைத்தது அது. அழகுதான். ஆனால் அந்தப் பூச்சு பெரும்பாலும் பத்து மைக்ரான் அளவுகூட இருக்காது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுக்குள் அலமாரிக்குச் சரி, மழையில் நனையும் சிடாருக்குப் போதாது.

அடுத்தது, பார்வைக்குச் சாம்பல் நிறமாக, தடவினால் சொரசொரப்பாக இருக்கும் ஆணி. இதை உருகிய துத்தநாகத்தில், சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில், முக்கி எடுத்திருப்பார்கள். இரும்பும் துத்தநாகமும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்த உலோகக்கலவையே உருவாகிவிடும். பூச்சும் நாற்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும். அதனால் ஆயுள் அதிகம்.

துத்தநாகப் பூச்சுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பெயின்ட் அடித்த இரும்பில் கீறல் விழுந்தால் அந்த இடம் துருப்பிடிக்கும். துத்தநாகத்தில் சின்னக் கீறல் விழுந்தால் இரும்புக்கு உடனே ஒன்றும் ஆகாது. இரண்டில் துத்தநாகம்தான் எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும். தம்பி செய்த குறும்புக்குத் தான் முன்னால் போய் அடி வாங்கிக்கொள்ளும் அண்ணன் மாதிரி, இரும்புக்குப் பதில் தானே அரிக்கப்படும். ஆனால் அண்ணன் தீரும்வரைதான் தம்பிக்குப் பாதுகாப்பு. சிடாரின் புளிப்பில் துத்தநாகம் சீக்கிரம் தீர்ந்துபோகும். போதாக்குறைக்கு, சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது ஆணியின் தலையில் பூச்சு செதில் செதிலாகப் பெயரும். மழையும் வெயிலும் நேராகப் படுவது அந்தத் தலையில்தானே!

ஆகவே சிடாருக்குச் சரியான ஆணி எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உங்கள் தேநீர்ச் சோதனையில் கரண்டி கறை விடாமல் இருந்ததே, அதே உலோகக் குடும்பம். இதுவும் இரும்புதான், ஆனால் குரோமியம் கலந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. சில நானோமீட்டர் கனம்தான் இருக்கும். கீறினாலும் ஆக்சிஜன் பட்டதும் தானாக மறுபடி உருவாகிவிடும். துத்தநாகப் பூச்சுபோல் தேய்ந்து தீர்ந்துபோகும் கவலை இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-இல் இத்தகைய எஃகைச் செய்தார். அவர் தேடியது துப்பாக்கிக் குழாய்க்கு நீடித்து உழைக்கும் எஃகு. ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர் என்பதால், கிடைத்த எஃகு சீக்கிரமே சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் வீட்டுக் கரண்டிகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 18/8 என்று பொறித்திருக்கும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். டெக் வேலைக்கு வரும் 304 என்ற ரகமும் ஏறத்தாழ இதே கலவைதான். கடலோர வீடு என்றால் 304-உம் போதாது. உப்புக்காற்றிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தில் ஆங்காங்கே துளை போடும். அதைத் தடுக்க 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் இருக்கிறது. அலையின் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் யோசிக்காமல் 316 வாங்கலாம்.

காந்தத்தை வைத்து எவர்சில்வரைச் சோதிக்கலாமா? ஓரளவு. 304, 316 இரண்டும் காந்தத்தில் ஒட்டாது. செய்யும்போது வளைத்து நசுக்கிய இடங்களில் லேசாக இழுக்கலாம். நன்றாக ஒட்டினால் அது 410 போன்ற வேறு ரக ஸ்டெயின்லெஸ் ஆகவோ, சாதாரண இரும்பாகவோ இருக்கக்கூடும். 410 உறுதியானது, ஆனால் துருவைத் தாங்குவதில் 304-க்குப் பின்னால்தான் நிற்கும்.

எவர்சில்வர் ஸ்குரூவின் விலையைக் கேட்டால் வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். துத்தநாகம் பூசியதைவிட அது நிறைய அதிகம். ஆனால் சிடார் பலகைக்கே பெரும் பணம் கொடுத்துவிட்டு ஆணியில் மிச்சம் பிடிப்பது எனக்குக் கஞ்சத்தனமாகவே படுகிறது. மொத்தச் செலவில் ஸ்குரூவின் பங்கு சின்னது.

இங்கே ஒரு கப்பல் கதையையும் சொல்லியாக வேண்டும். கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். அலார்ம். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, கப்பலின் அடிமரத்தைப் புழு துளைக்காமலிருக்க அதன்மேல் செப்புத் தகடு போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பிய கப்பலை 1763-இல் சோதித்தார்கள். செம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து காணாமல் போயிருந்தன. ஒரு சில ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஏன் என்று உற்றுப் பார்த்தால், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது!

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புநீரும் இருந்தால் அது ஒரு பேட்டரி. எலக்ட்ரானை எளிதில் விடும் உலோகம் கரையும். செம்பும் இரும்பும் என்றால் கரைவது இரும்பு. இரும்பும் துத்தநாகமும் என்றால் கரைவது துத்தநாகம். காகிதம் இருந்த இடத்தில் தொடுகை இல்லை, அதனால் பேட்டரியும் இல்லை. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையிலும் இதேதான் நடந்தது. செப்புத் தோல், உள்ளே இரும்புக் கம்பிகள். நடுவில் வைத்த தடுப்பு காலப்போக்கில் கெட்டுப்போக, இரும்பு அரித்துவிட்டது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் அந்த இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பிகளைப் பொருத்தினார்கள்.

டெக்குக்கும் செம்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மேலே பலகை சிடார் என்றாலும், அதைத் தாங்கும் அடிச்சட்டங்கள் பெரும்பாலும் மலிவான வேறு மரம். மக்காமலிருக்க அந்த மரத்துக்குள் அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றியிருப்பார்கள். முன்பு அதில் ஆர்சனிக் இருந்தது. 2003 முடிவோடு வட அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். குழந்தைகளுக்கு நல்லது, ஆணிக்குக் கெட்டது. மரத்திலுள்ள ஈரத்தில் கரைந்த செம்பு, துத்தநாகத்தின் மீதும் இரும்பின் மீதும் படிந்து குட்டிக் குட்டி பேட்டரிகளைத் தொடங்கிவிடுகிறது. மெல்லிய பூச்சுள்ள ஆணி அங்கே நிலைக்காது. அலுமினியம் இன்னும் மோசம். ஒரு சிடார் பலகையின் ஸ்குரூ, மேல்பாதியில் டானினையும் கீழ்ப்பாதியில் செம்பையும் சமாளிக்க வேண்டும். எவர்சில்வர் இரண்டையும் தாங்கும். சட்டங்களைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்விகள் துத்தநாகப் பூச்சு போட்டவை என்றால், அவற்றை மாட்டவும் துத்தநாகப் பூச்சு ஆணிகளையே போட வேண்டும். எவர்சில்வர் கவ்விக்கு எவர்சில்வர் ஆணி. கலந்து போட்டால் அலார்ம் கப்பலின் கதைதான்.

உலோகம் முடிவாயிற்று. ஆணியா, ஸ்குரூவா? சிடார் லேசான மரம். ஒரு கன மீட்டர் சுமார் 370 கிலோதான். தேக்கு 650 கிலோ அளவுக்கு வரும். லேசான, மென்மையான மரம் ஆணியைக் கெட்டியாகப் பிடிக்காது. மேலும் மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் வழவழப்பான ஆணி மயிரிழை அளவு மேலே தள்ளப்படும். சில ஆண்டுகளில் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். வெறுங்காலோடு ஓடுபவருக்கு அது புரியும்! உடம்பெல்லாம் வளைய வரிகள் உள்ள ஆணி இதைவிடத் தேவலை. மரை சுற்றிய ஸ்குரூ எல்லாவற்றையும்விட நல்லது, வேண்டும்போது கழற்றவும் முடியும்.

நீளம் எவ்வளவு? பலகையைத் தாண்டிச் சட்டத்துக்குள் குறைந்தது 25 மில்லிமீட்டராவது, முடிந்தால் 38 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். 38 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு 75 மில்லிமீட்டர் ஸ்குரூ என்றால் கணக்குச் சரியாக வருகிறதா, போட்டுப் பாருங்கள்.

பலகையின் நுனியில் அப்படியே முறுக்கினால் மரம் வெடிக்கும். முதலில் ஸ்குரூவைவிடச் சன்னமான துளை போட்டுக்கொள்வார்கள். ஆணிதான் அடிக்க வேண்டும் என்றால், அனுபவமுள்ள தச்சர் ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பார். கூரான முனை மர நார்களை இருபுறமும் ஒதுக்கிப் பிளக்கும். மழுங்கிய முனை எதிரில் வரும் நாரை நசுக்கி அறுத்துக்கொண்டு உள்ளே போகும், அதனால் வெடிப்பு குறைவு.

கனடாவில் ஸ்குரூவின் தலையில் நீங்கள் அதிகம் பார்ப்பது சதுரக் குழி. பி. எல். ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நாம் பழகிய ஒற்றைக் கோட்டுத் தலையில் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழிக்கும். சதுரக் குழியில் திருப்புளி கச்சிதமாக உட்காரும், ஸ்குரூவை நுனியில் மாட்டி ஒரே கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்யலாம். எவர்சில்வர், கடினமாக்கிய எஃகைவிட மிருதுவானது என்பதால், தலை சிதையாமல் முறுக்க இந்தப் பிடிப்பு உதவுகிறது.

முறுக்கும் இயந்திரத்தின் விசையை எப்போது விடுவது என்பதுதான் கைப்பழக்கம் வேண்டிய இடம். ஸ்குரூவின் தலை பலகையின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மென்மையான மரமல்லவா, அரை நொடி தாமதித்தாலும் தலை உள்ளே புதைந்துவிடும். புதைந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த இடம் மட்டும் ஈரமாகவே இருக்கும்.